நியர்ங்கற வார்த்தையப் பத்தி எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில சாயந்தரம் இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கேன். பத்தாங்கிளாஸ் பிள்ளைங்கள்ல இருந்து பேங்க் எக்ஸாமுக்கு படிக்கறவங்க வரைக்கும் வாராங்க, அவங்கள கூட்டிட்டுப் போக வர்ற அம்மாமாரும் தாத்தாமாரும் வாசல்ல நின்னு எதாவது ஒண்ண கேட்டுட்டுத்தான் போவாங்க. அதுல மத்த சந்தேகம் எல்லாம் வரும் போகும், "நியர்" பத்தின சந்தேகம் மட்டும் ஓயவே ஓயாது. அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிரலாம்னு உக்காந்தேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். மேல சொன்னத கீழ திரும்ப சொல்லல, அதனால முடிஞ்சா மொதல்ல இருந்தே படிங்க. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிருதேன், இந்த வார்த்தையோட மொத்தக் கதையும் அதோட கடைசி எழுத்தான ஆர்-லதான் இருக்கு.

மிஸ், நியர்னா "பக்கத்துல"ன்னு ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சாச்சு, இதுல இன்னும் என்ன இருக்கு?

அர்த்தம் அதேதான், ஆனா எடத்துக்கு மட்டும் இல்ல. நேரத்துக்கு வரும், நியர் ஃப்யூச்சர்னா கூடிய சீக்கிரம். சொந்தத்துக்கு வரும், நியர் ரிலேட்டிவ்னா நெருங்கின சொந்தம். ஒரு நெலமைக்கும் வரும், நியர் டியர்ஸ்னா கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கி, இன்னும் விழல.

இன்னொண்ணு, நியர் எவ்வளவு தூரம்னு சொல்லாது, ஒட்டி இருக்கான்னும் சொல்லாது. அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் நியர்தான், நடுவுல தாமிரபரணி ஓடுது. தென்காசிக்கு குத்தாலம் நியர். மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கு திருநெல்வேலியே கன்னியாகுமரிக்கு நியர், ஜங்ஷன்ல நின்னு பஸ் ஏறப் போற நமக்கு அப்படி தோணாது. நிக்கற எடத்தப் பொறுத்து மாறுற வார்த்தை இது.

நியர் போட்டா பொறவு டூ போடணுமா வேண்டாமா? ஒரு கைடுல போட்டிருக்கு ஒண்ணுல இல்ல.

எடத்தச் சொல்லும்போது டூ வேண்டாம். "மை ஹவுஸ் இஸ் நியர் த சர்ச்", அவ்வளவுதான். நியர் அங்க ப்ரிபொசிஷன் வேலைய தானே செஞ்சிருது, டூ வந்து செய்ய ஒண்ணும் இல்ல. பரீட்சையில இப்படியே எழுதுங்க.

ஆனா நியர் டூ எழுதினா அது முழுத்தப்புன்னு சொல்ல மாட்டேன். நியரர், நியரஸ்ட் வரும்போது டூ சேத்து சொல்லுறது ரொம்ப சகஜம், "நியரர் டூ த ரிவர்"ங்கற மாதிரி. மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துலயும் நியர் டூ வரும். க்ளோஸ் போட்டா மட்டும் டூ கட்டாயம், "க்ளோஸ் த சர்ச்"னு எழுதினா சர்ச்ச பூட்டுன்னு அர்த்தமாயிரும்.

"ஐ ஆம் ஸ்டேயிங் நியர்பை வண்ணார்பேட்டை"ன்னு சொன்னேன், இன்டர்வியூல அந்த சார் ஒரு மாதிரி பாத்தாரு. என்ன தப்பு?

நியர்பை-க்குப் பின்னால ஊர் பேரு வரக்கூடாது, அதான். ஊர் பேரு சொல்லணும்னா நியர், "நியர் வண்ணார்பேட்டை". நியர்பைங்கறது தனியா நிக்கற வார்த்தை, "தேர் இஸ் எ ஷாப் நியர்பை"ன்னு கடைசியில வரும், இல்லன்னா "எ நியர்பை ஷாப்"னு பேருக்கு முன்னாடி வரும்.

நம்ம ஊருல இந்தத் தப்பு ஏன் இவ்வளவு வருதுன்னா, நாம "பக்கத்துல"ங்கற ஒரே வார்த்தைய எல்லா எடத்துக்கும் வச்சுக்கிடுதோம். வண்ணார்பேட்டை பக்கத்துல இருக்கேன், பக்கத்துல ஒரு கடை இருக்கு, ரெண்டுக்கும் நமக்கு ஒண்ணுதான். இங்கிலீஷ்ல மொதலுக்கு நியர், ரெண்டாவதுக்கு நியர்பை.

நியர்லின்னா "ரொம்ப கிட்ட"ன்னு எம்மவன் எழுதியிருக்கான், சரியா மிஸ்?

இன்னைக்கு சரியில்ல. நியர்லின்னா இப்ப ஏறக்குறைய, கிட்டத்தட்ட. "ஐ நியர்லி ஃபெல்"னா விழப் பாத்தேன்னு அர்த்தம், விழல. நம்ம "விழப் பாத்தேன்" அதுக்கு அச்சு அசலா பொருந்தும். முந்தின காலத்துல நியர்லிக்கு "நெருக்கமா"ங்கற அர்த்தமும் இருந்துச்சு, இப்ப அந்த வேலைய க்ளோஸ்லிதான் செய்யுது. பையன் யோசிச்சுத்தான் எழுதியிருக்கான், திட்டாதீங்க.

சரி அக்கா, இந்த நியர் எங்கருந்து வந்துச்சு? லத்தீனா கிரேக்கமா?

ரெண்டும் இல்ல. இது இங்கிலீஷோட சொந்த வீட்டுச் சரக்கு, ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல்லு. சுமார் 1100 வரைக்கும் இருந்தத பழைய இங்கிலீஷ்னு சொல்லுவாங்க, அதுல "கிட்ட"ங்கறதுக்கு வார்த்தை நேஅஹ். கடைசியில வர்ற அந்த ஹ், நம்ம "அஃது"ல வர்ற ஆய்தம் மாதிரி தொண்டையில உரசிட்டு வரும். இந்த நேஅஹ்தான் இன்னைக்கு நைன்னு சொல்லுற வார்த்தை, ஸ்பெல்லிங் என் ஐ ஜி ஹெச்.

இப்ப கவனிங்க. உயரத்துக்கு டால், டாலர், டாலஸ்ட்னு படிக்கோம்ல, அதே மாதிரி அன்னைக்கு நேஅஹ், நேஅர், நீஹ்ஸ்ட்னு மூணு படி இருந்துச்சு. நேஅஹ்னா கிட்ட, நேஅர்னா இன்னும் கிட்ட, நீஹ்ஸ்ட்னா எல்லாத்தையும் விட கிட்ட. மொதல் ஆளு நை, ரெண்டாவது ஆளு நியர், மூணாவது ஆளு நெக்ஸ்ட். அதாவது நியர்ங்கறதே "கிட்டத்துல" இல்ல, "இன்னும் கிட்டத்துல". அதோட கடைசியில இருக்கற ஆர், டாலர்ல வர்ற ஆர் பண்ற அதே வேலையச் செய்ய வந்தது.

எதனால ரெண்டாவது ஆளு மொத ஆளோட நாற்காலியில உக்காந்தாருன்னா, அதுக்கு ஸ்காண்டிநேவியாக்காரங்களும் ஒரு காரணம். ஒம்பதாம் நூற்றாண்டுல வைக்கிங்குகள் இங்கிலாந்தோட வடக்குலயும் கெழக்குலயும் வந்து குடியேறினாங்க. அவங்க மொழியிலயும் இதே மாதிரி நேர்-னு ஒரு வார்த்தை இருந்துச்சு, அவங்க அத "இன்னும் கிட்ட"ங்கறதுக்கும் சும்மா "கிட்ட"ங்கறதுக்கும் சேத்தே சொன்னாங்க. பக்கத்து பக்கத்துல வாழ்ந்து பேசிப் பேசி இங்கிலீஷ்காரங்களும் நியர்ன்னா வெறும் "கிட்ட"ன்னு எடுத்துக்கிட்டாங்க. நை ஓரமாப் போயிருச்சு.

அப்போ நியரர்ன்னு சொல்லுதோமே, அது "இன்னும் இன்னும் கிட்ட"ன்னுல்லா ஆகுது? தப்புதானே?

தப்பு இல்ல, ஆனா நீங்க புடிச்ச எடம் சரியான எடம். நியர்ல ஒரு ஆர் ஏற்கெனவே இருக்கு, அது எதுக்கு இருக்குங்கறது ஜனங்களுக்கு மறந்து போச்சு, அதனால புதுசா இன்னொரு ஈஆர் ஒட்டி நியரர் ஆக்கினாங்க, ஈஎஸ்டி ஒட்டி நியரஸ்ட் ஆக்கினாங்க. லெஸ்ஸர்ங்கறதும் இதே கதைதான், லெஸ்ஸே "இன்னும் கொறவு", அதுக்கு மேல ஒரு ஈஆர்.

இதப் பாத்து இங்கிலீஷ் மோசமான மொழின்னு நெனைக்க வேண்டாம், நம்ம தமிழ்லயும் அச்சா இதே வேலை நடந்திருக்கு. அவர்ங்கறது பழைய தமிழ்ல பன்மை, பல பேரக் குறிக்கற சொல்லு. பொறவு ஒரு ஆள மரியாதையாச் சொல்ல அவர்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, பன்மைங்கறது தேஞ்சு போச்சு, அப்போ பல பேரச் சொல்ல என்ன செய்ய? கள் ஒட்டி அவர்கள். ஏற்கெனவே பன்மையா இருந்ததுக்கு மேல இன்னொரு பன்மை. இலக்கணத்துல இத விகுதி மேல் விகுதின்னு சொல்லுவாங்க. 263-வது குறள்ல "மற்றையவர்கள்", 919-ல "பூரியர்கள்", திருவள்ளுவர் காலத்துலயே நடந்தாச்சு. நீரும் அப்படித்தான், பழைய பன்மை, இன்னைக்கு நம்ம பக்கம் ஒரே ஒரு ஆளப் பாத்து "நீரு எங்க வே போறீரு"ன்னு கேக்கோம். அவர்கள் எப்படி தப்பு இல்லையோ, நியரரும் அப்படி தப்பு இல்ல.

நீங்க சொல்லுதது நம்புற மாதிரி இல்லியே. நியர்னா "இன்னும் கிட்ட"ன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா?

எழுதி வச்சிருக்காங்க, அதுவும் ஷேக்ஸ்பியர். சுமார் 1595-ல எழுதின ரெண்டாம் ரிச்சர்ட் நாடகத்துல, மூணாவது அங்கம் ரெண்டாவது காட்சி. ராஜா ரிச்சர்ட் கரையில எறங்கி வந்து நிக்காரு, சாலிஸ்பரி பிரபு எதிர்ல வாராரு. உன் படை எவ்வளவு தூரத்துல நிக்குன்னு ராஜா கேக்காரு. படை கலைஞ்சு போயாச்சு, அத எப்படி சொல்ல? "நார் நியர் நார் ஃபார்தர் ஆஃப்"னு ஆரம்பிக்காரு பிரபு, இந்த பலமில்லாத கையவிட கிட்டயும் இல்ல தூரமும் இல்லன்னு. என்னத் தவிர யாரும் இல்ல ராஜான்னு சொல்லுததுக்கு அப்படி ஒரு சுத்து.

அந்த வரியில ஃபார்தர் இருக்கு பாருங்க, "இன்னும் தூரம்". அதுக்கு ஜோடியா நியரர் இல்ல, வெறும் நியர்தான் நிக்கி. ரெண்டுக்கும் பொதுவா, "விட"ங்கறதுக்கு இங்கிலீஷ்ல உள்ள வார்த்தை, டி ஹெச் ஏ என், பின்னால வருது. அப்போ அந்த நியர் "இன்னும் கிட்ட"தான், வேற வழியே இல்ல. இது ஒண்ணு போதும், இருந்தாலும் ஜெர்மன் படிக்கற பிள்ளைங்க இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு நா, நேயர், நேக்ஸ்ட்னு மூணு படியும் இன்னைக்கும் ஒழுங்கா அதே வரிசையில இருக்கு.

நெக்ஸ்ட்டும் நியரஸ்ட்டும் ஒரே அர்த்தம்னா எதுக்கு ரெண்டு வார்த்தை?

பொறந்தப்ப ஒரே அர்த்தம், இன்னைக்கு இல்ல. நெக்ஸ்ட் வரிசைக்குப் போயிருச்சு, நியரஸ்ட் தூரத்துக்கு நின்னுருச்சு.

திருச்செந்தூர் ட்ரெயின்ல ஏறுங்க. திருநெல்வேலி ஜங்ஷன விட்டு வண்டி இப்பத்தான் கெளம்புது, கடைசிப் பெட்டி ப்ளாட்ஃபாரத்த தாண்டிருச்சு. நெக்ஸ்ட் ஸ்டேஷன் எது? பாளையங்கோட்டை. நியரஸ்ட் ஸ்டேஷன் எது? பின்னால தெரியுதே அந்த ஜங்ஷனேதான். பாதி தூரம் தாண்டினபொறவு ரெண்டும் பாளையங்கோட்டையாயிரும். பாளையங்கோட்டையும் போயாச்சுன்னா நெக்ஸ்ட் செய்துங்கநல்லூர். பேங்க் எக்ஸாம்ல ரெண்டையும் ஆப்ஷன்ல குடுத்து குழப்புவாங்க, இந்த ட்ரெயின மனசுல வச்சுக்கிட்டா குழம்பாது.

நெக்ஸ்ட் டூ, நெக்ஸ்ட் டோர்னு வரும்போது மட்டும் பழைய அர்த்தம் இன்னும் உசுரோட இருக்கு. நெக்ஸ்ட் டோர்னா வேற எந்த வீட்டையும் விட கிட்ட இருக்கற வீடு.

தாயி, எம்பேரன் கப்பல்ல வேலைக்குப் போறான். ஃபாரத்துல நெக்ஸ்ட் ஆஃப் கின்னு போட்டிருக்கு, "அடுத்த சொந்தம்"னா யாரு, அண்ணனா தம்பியா?

தாத்தா, அங்க அடுத்தங்கற அர்த்தமே இல்ல. மேல சொன்ன பழைய அர்த்தம், எல்லாரையும் விட நெருங்கின சொந்தம். கின்னா சொந்தக்காரங்க. கல்யாணம் ஆகாத பையன்னா அப்பா இல்லன்னா அம்மா பேரப் போடுங்க, கல்யாணம் ஆனவன்னா பொண்டாட்டி பேரு. அவசரம்னா மொத மொதல்ல யாருக்குத் தகவல் சொல்லணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்காங்க, அதனால போன் நம்பரும் அட்ரஸும் தெளிவா இருக்கணும்.

நாமினின்னு வேற ஒரு கட்டம் இருந்தா அது வேற. அதுல நீங்களா பாத்து ஒரு ஆள நியமிக்கீங்க. நெக்ஸ்ட் ஆஃப் கின் நியமிக்கறது இல்ல, இருக்கற ஒறவச் சொல்லுதது. வளைகுடாவுக்குப் போற மேலப்பாளையத்துப் பையன்களும் இந்த ஒரு கட்டத்துலதான் வந்து நிப்பாங்க, அதான் விவரமா எழுதுதேன்.

நெக்ஸ்ட் ஃப்ரைடேன்னா வர்ற வெள்ளியா அதுக்கடுத்த வெள்ளியா?

பழைய அர்த்தப்படி பாத்தா கிட்ட இருக்கற வெள்ளி, வர்ற வெள்ளி. ஆனா திஸ் ஃப்ரைடேன்னு ஒண்ணு இருக்கறதால, நெக்ஸ்ட் ஃப்ரைடேன்னா அதுக்கடுத்ததுன்னு நெனைக்கறவங்களும் நெறய. இங்கிலாந்துலயே ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. தேதி போட்டு எழுதுங்க.

சர்ச்ல பழைய இங்கிலீஷ் பைபிள்ல "ட்ரா நை"ன்னு வருது, அது நீங்க சொன்ன நை தானா?

அதேதான். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல நை பல எடத்துல வரும், யாக்கோபு நாலாம் அதிகாரம் எட்டாம் வசனம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ட்ரா நைன்னா கிட்ட வாறது. பாளையங்கோட்டையில பாதிப் பேரு இந்த நை-ய ஸ்கூலுக்கு முன்னாடி சர்ச்லதான் கேட்டிருப்பாங்க. இன்னைக்குப் பேச்சுல நை தனியா வர்றது அபூர்வம், "வெல் நை இம்பாஸிபிள்" மாதிரி சில தொடர்ல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நீங்க கட்டுரை எழுதும்போது போட வேண்டாம், படிக்கும்போது தெரிஞ்சா போதும்.

நெய்பர் ஸ்பெல்லிங்ல அந்த ஜி ஹெச் எதுக்கு மிஸ்? சத்தமும் இல்ல சாரமும் இல்ல.

அதுதான் அந்த வார்த்தையோட முதுகெலும்பு! நெய்பர் ரெண்டு சொல்லு சேந்தது, நேஅஹ் கூட யெபூர். நேஅஹ்னா கிட்ட, யெபூர்னா குடியிருக்கறவன், உழுது வாழுறவன். கிட்ட குடியிருக்கறவன் நெய்பர். நேஅஹ்ல இருந்த அந்த ஆய்த ஓசையத்தான் ஜி ஹெச்னு எழுதினாங்க, நைலயும் அதுதான், ஹைலயும் அதுதான். பொறவு வாயில ஓசை தேஞ்சு போச்சு. 1476-ல காக்ஸ்டன் இங்கிலாந்துல அச்சாபீஸ் போட்ட பொறவு ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா எறுகிருச்சு, அதனால எழுத்து மட்டும் நின்னுருச்சு.

இன்னொண்ணையும் பாருங்க. நெய்பர்ல முன்பாதியில ஆர் இல்ல. நியர்பர்னு இல்லியே, ஏன்? அந்த வார்த்தை உண்டான காலத்துல "கிட்ட"ங்கறதுக்கு ஆர் இல்லாத நேஅஹ்தான் வார்த்தை. இந்த விஷயம் கடைசிக் கேள்விக்கு வேணும், ஞாபகம் வச்சுக்கோங்க.

பின்பாதியில இருக்கற யெபூருக்கு சொந்தக்காரங்க நெறய. ஜெர்மன்ல விவசாயிய பவர்-ங்கற மாதிரி ஒரு வார்த்தை, டச்சுல பூர். தென்னாப்பிரிக்காவுல 1899-ல இருந்து 1902 வரைக்கும் நடந்த போயர் யுத்தம்னு வரலாறு புஸ்தகத்துல படிக்கோம்ல, அந்த போயர்தான் இந்த பூர். அமெரிக்காக்காரங்க நெய்பர்ல யூ போடுறதில்ல, 1828-ல வந்த வெப்ஸ்டர் அகராதி அப்படித்தான் போட்டுச்சு. நம்ம பாடத்திட்டம் ப்ரிட்டிஷ் முறை, யூ போடுங்க.

க்ளோஸ் ஃப்ரெண்டுன்னு சொல்லுதோம், நியர் ஃப்ரெண்டுன்னு ஏன் சொல்ல மாட்டேங்கோம்?

க்ளோஸ் லத்தீன்ல இருந்து ஃப்ரெஞ்சு வழியா வந்தது, மூடுனதுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மூடிருச்சு, அதனால நெருக்கம். கதவ க்ளோஸ் பண்றதும் இதுதான், ஆனா கதவுக்கு இஸட் ஓசை, நெருக்கத்துக்கு எஸ் ஓசை, பேசும்போது இதக் கவனிக்கணும்.

அதனால மனசுக்கு மனசு இடைவெளி இல்லன்னு சொல்ல க்ளோஸ் வந்துச்சு. நியர் அளந்து சொல்லுற வார்த்தை, சொந்தத்துல எத்தன தலைமொற தள்ளின்னு கணக்குப் பாக்கலாம், அதனால நியர் ரிலேட்டிவ் உண்டு. ஃப்ரெண்டுக்கு அப்படி கணக்கு கெடையாது. நியர் அண்ட் டியர்னு சேந்து வரும்போது மட்டும் எல்லாரும் அதுல அடங்கிருவாங்க.

ஆபீஸ்ல லெட்டர்ல "இன் க்ளோஸ் ப்ராக்ஸிமிட்டி"ன்னு எழுதினேன், சூப்பிரண்டு அடிச்சுட்டாரு. ப்ராக்ஸிமிட்டின்னாலே கிட்டன்னுதானாமே?

உங்க சூப்பிரண்டு சொல்லுதது பழைய கண்டிப்பான வழக்கம், அதுக்கு நியாயம் இருக்கு. லத்தீன்ல ப்ரோப்பேன்னா கிட்ட, ப்ரோப்பியோர்னா இன்னும் கிட்ட, ப்ராக்ஸிமுஸ்னா எல்லாத்தையும் விட கிட்ட. மேல பாத்த நை, நியர், நெக்ஸ்ட் அதே மூணு படி! ப்ராக்ஸிமிட்டி வந்தது மூணாவது படியில இருந்து. எல்லாத்தையும் விட கிட்டங்கறதுக்கு முன்னாடி க்ளோஸ் எதுக்குன்னு கேக்காரு. ஆனா நியரர்க்கு என்ன சொன்னேனோ அதேதான் இங்கயும், அந்த மூணாம் படி இன்னைக்கு யாருக்கும் காதுல விழறதில்ல, நல்லா எழுதறவங்களும் க்ளோஸ் ப்ராக்ஸிமிட்டி எழுதத்தான் செய்யுதாங்க. லெட்டர்ல வெறும் நியர் போட்டா ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல, எனக்குப் புடிச்சதும் அதுதான்.

பழைய சர்க்கார் கடுதாசிகள்ல தேதிக்குப் பக்கத்துல ப்ராக்ஸிமோன்னு இருக்கும், அடுத்த மாசம்னு அர்த்தம். அல்டிமோன்னா போன மாசம், இன்ஸ்டன்ட்னா இந்த மாசம். "எல்லாத்தையும் விட கிட்ட"ங்கற வார்த்தை "அடுத்தது" ஆன கதை நெக்ஸ்ட்டுக்கு நடந்த மாதிரியே லத்தீன் வார்த்தைக்கும் நடந்திருக்கு, ரெண்டு மொழியிலயும் மனுச மனசு ஒரே தடத்துல போயிருக்குங்கறது எனக்கு ஒவ்வொரு தடவயும் ஆச்சரியமா இருக்கும்.

பத்திரத்துல அட்ஜசென்ட்னு ஒரு எடத்துலயும் அட்ஜாய்னிங்னு ஒரு எடத்துலயும் இருக்கு. ரெண்டும் நியர்தானே?

இங்க ஜாக்கிரதை. அட்ஜாய்னிங்னா ஒட்டி இருக்கணும், எல்லை எல்லையத் தொடணும். அதுல இருக்கற ஜாய்ன்தான், நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்ல இருக்கற ஜங்ஷனும் அதே லத்தீன் வேர்தான், ரெண்டு சேருற எடம். அட்ஜசென்ட்னா "பக்கத்துல கெடக்கு"ன்னு லத்தீன் அர்த்தம், ஒட்டியும் இருக்கலாம், நடுவுல ஒரு சந்து இருந்தாலும் அட்ஜசென்ட்தான். நியர்னா இன்னும் லூசு, மொத கேள்வியிலயே பாத்தோம்.

அதனால நெலம் வாங்கும்போது இங்கிலீஷ் வார்த்தைய நம்பாதீங்க, சக்குபந்தியில நாலு பக்கமும் யாரு எடம், சர்வே நம்பர் என்னன்னு பாருங்க. விக்கிறவரு "ரோட்டுக்கு நியர் தங்கச்சி"ன்னு சொன்னா ரோட்டுக்கு வழி இருக்கான்னு தனியா கேளுங்க.

விசினிட்டி?

லத்தீன்ல வீக்குஸ்னா ஊர், தெரு. அந்த ஊர்க்காரன் வீசினுஸ், அவன் இருக்கற சுத்துவட்டாரம் விசினிட்டி. க்ரீனிச், சாண்ட்விச்னு முடியற இங்கிலாந்து ஊர் பேருகள்ல அந்தக் கடைசித் துண்டு இந்த வீக்குஸ்தான். சமஸ்கிருதத்துல குடியிருப்பு, குடிமக்கள்னு அர்த்தம் வர்ற விஷ், அதுல இருந்து வந்த வைசியர், இதுக்கு வேர் வழிச் சொந்தம்.

கடைசியா ஒண்ணு. நியர் நம்ம தமிழ் "நேர்", "நெருங்கு"ல இருந்துதான் வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா? இல்லன்னு சொன்னா கோவம்தான் வருது.

கோவம் வேண்டாம், பாத்துருவோம். நெருங்கு, நெருக்கம், நேர், மூணுலயும் ர வேர்லயே இருக்கு, அத எடுத்துட்டா வார்த்தையே இல்ல. நியர்ல ஆர் வேர்ல இல்ல. வேர் நேஅஹ், ஆர் இல்லாதது. ஆர் "இன்னும்"ங்கறதுக்காக பின்னால ஒட்டுனது. நையப் பாருங்க, ஆர் இல்ல. நெக்ஸ்ட்டப் பாருங்க, ஆர் இல்ல. நெய்பர்ல முன்பாதி, ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல, ஆர் இல்ல. ஜெர்மன் நாவுலயும் இல்ல. நம்ம ர-வும் அவங்க ஆர்-உம் ஒண்ணா இருக்கற மாதிரி தெரியறது, இன்னைக்கு இருக்கற நியர மட்டும் பாக்கறதால. அதோட தாத்தாவப் பாத்தா ஒத்துமை கலைஞ்சிருது.

ஒண்ணு-ஒன், எட்டு-எய்ட்டும் இதே மாதிரி அனுப்புவாங்க. ஒன் பழைய இங்கிலீஷ்ல ஆன், அந்த வ ஓசை ரொம்பப் பிந்தி வந்தது. எய்ட்ல இருக்கற ஜி ஹெச் நைல இருக்கற அதே ஆய்த ஓசை, பழைய வடிவம் எஅஹ்ட்ட, ஜெர்மன்ல ஆஹ்ட், லத்தீன்ல ஆக்டோ, சமஸ்கிருதத்துல அஷ்ட. நடுவுல ஒரு ஓசை எல்லாத்துலயும் இருக்கு, அந்த வரிசையே வேற குடும்பம். மொழிகள இப்படிப் பழைய வடிவத்த வச்சு ஒப்பிட்டுப் பாக்கற வேலைய நம்ம மாவட்டத்து இடையன்குடியில இருந்துக்கிட்டுதான் கால்டுவெல் செஞ்சாரு, திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் 1856-ல வெளிவந்துச்சு, தமிழும் அதோட சொந்த மொழிகளும் தனிக்குடும்பம்னு உலகத்துக்கு எடுத்துச் சொன்ன புஸ்தகம் அது.

தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தை வேணும்னா உண்மையிலயே இருக்கு. கேட்டமரன் நம்ம கட்டுமரம். செரூட் நம்ம சுருட்டு. மல்லிகட்டானி சூப் நம்ம மிளகுத்தண்ணி. வெட்டிவேர் அப்படியே வெட்டிவர்னு போயிருக்கு. இதெல்லாம் எந்த நல்ல இங்கிலீஷ் அகராதியத் தொறந்தாலும் தமிழ்னு பேரு போட்டு இருக்கும். வாட்ஸ்அப்ல அனுப்புனவங்களுக்கு இந்த நாலையும் திருப்பி அனுப்புங்க.